தூக்கு என்றால் மேலேதான்

வியாழக்கிழமை, பிற்பகல்

எட்டு வீட்டுக் கற்பனைக் கால்பந்துச் சங்கத்தின் மாண்புமிகு சேர்மனும், ‘தெளிந்த பார்வை’ அணியின் உரிமையாளரும், கண்ணாடிக் கடை முதலாளியும், என் மனைவியின் கூடப்பிறந்த ஒரே தம்பியுமான தங்கள் சமூகத்துக்கு, ‘எட்டாம் மாடி’ அணியின் உரிமையாளர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமாக இல்லை. அங்கு நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் ஆளைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன குறை? தங்கள் மனைவி மக்கள் நலமறிய ஆவல், அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சேர்மன் என்ற பதவிக்கு எழுதுவதால் ‘நீங்கள்’ போட்டிருக்கிறேன். நடுவில் எங்காவது ‘நீ’ என்று வந்தால் அது மைத்துனனுக்கு எழுதியது என்று எடுத்துக்கொள்ளவும். வரிகள் மலையேறி இறங்குவதற்கும் மன்னிக்கவும். என் கண்ணாடி உடைந்து ஆறு நாளாகிறது. உங்கள் அக்காவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். அதில் ஒவ்வோர் எழுத்தும் எறும்பு போல ஊர்கிறது.

நாளைப் பின்னே யாராவது இந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். நிஜ ஆட்டக்காரர்கள் நிஜ மைதானத்தில் ஆடுகிறார்கள். நாம் எட்டுப் பேரும் உங்கள் கடையின் பின்னறையில் உட்கார்ந்து அவர்களை ஆளுக்குப் பதினைந்து பேராகப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஒருத்தர் எடுத்த ஆளை இன்னொருத்தர் எடுக்க முடியாது. பதினைந்தில் பதினோரு பேரை வாராவாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போனில் உள்ள ஆப்பில் மேலே ஏற்ற வேண்டும், மீதி நாலு பேர் கீழே பெஞ்சில். மேலே இருப்பவன் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. பெஞ்சில் இருப்பவன் பத்து கோல் போட்டாலும் பூஜ்யம். சீசன் ஆரம்பத்தில் ஆள் பிரிக்கும் அன்றைக்குச் சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது எட்டாம் எண், கடைசி. ஆகப் பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் நீங்கள் ஏழு பேரும் வாரிக்கொண்ட பிறகு வழித்துப் போட்டதுதான் எனக்கு. பதினோராவது சுற்றில் நான் ‘நெட்டையன்’ என்றேன். இருபத்திரண்டு வயது, ஆறரை அடி, அதுவரை நாலே நாலு ஆட்டம் ஆடிய பயல். சகலை, உங்கள் சின்ன அக்காவின் கணவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், “அவனை எதுக்கு, ஒட்டடை அடிக்கவா?” என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நீங்களும்தான். கண் டெஸ்ட் பலகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

நான் ஏன் அவனை எடுத்தேன் தெரியுமா? முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் வேலை பார்த்தவன் நான். ஒரு பெட்டி மேலே போக வேண்டுமென்றால் பின்னால் ஒரு எதிர் எடை கீழே இறங்க வேண்டும். இந்த நெட்டையன் பந்துக்கு எகிறும்போது பின்னங்கால் இறங்குகிற அழகைப் பார்த்தேன். எந்த மாடியில் நிற்க வேண்டுமோ அந்த மாடியில் நிற்கிறான், ஒரு அங்குலம் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. உங்களில் ஒருவருக்காவது அது தெரிந்ததா? மூன்றாவது வாரத்திலிருந்து அவன் தலையால் முட்டி முட்டியே எங்கள் ‘எட்டாம் மாடி’யை முதலிடத்துக்குக் கொண்டுவந்தான். பத்தொன்பது வாரம்! பத்தொன்பது வாரம் தொடர்ந்து முதலிடம். அந்தப் பட்டியலை அச்செடுத்து ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறேன், நீயே வந்து பார்த்திருக்கிறாய். ஒரு விஷயம் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்தோரு வருஷத்தில் கம்பெனியில் எத்தனையோ பட்டியல் போட்டார்கள், பதவி உயர்வு, சிறந்த ஊழியர், அது இது என்று. ஒன்றிலும் என் பெயர் மேலே வந்ததில்லை. ஒரே ஒரு பட்டியலில்தான் முதல் பெயராக வந்தது, ஆள் குறைக்கிற பட்டியலில். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டு முடிவு செய்வதில்லை. ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்பது வரைக்கும் மகளும் அம்மாவும் போனிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள், பதினைந்து பேரில் யார் மேலே யார் கீழே என்று நான் ஒருத்தன் முடிவு பண்ணுகிறேன். அது உனக்கு விளையாட்டு. எனக்கு அது ஆபீஸ்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நெட்டையனுக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு, அதனால் வார ஆரம்பத்தில் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் டாக்டர் பார்த்து ஆடலாம் என்று சொல்லிவிட்டால் மேலே ஏற்றிவிடுவதாகத் திட்டம். நாலரை மணிக்கு எங்கள் கட்டட வாட்ச்மேன் வந்து, இரண்டாம் மாடி பல் டாக்டர் அம்மாவின் சாவிக்கொத்து லிஃப்ட் கதவு இடுக்கு வழியாகக் குழிக்குள் விழுந்துவிட்டது, அவருக்கு கிளினிக் திறக்க நேரமாகிறது, ஐயாதான் எடுத்துத் தர வேண்டும் என்றார். வேலைதான் போயிற்றே தவிர கை போகவில்லையே. மெயினை அணைத்து, பெட்டியை மூன்றாம் மாடியில் பூட்டி, ஏணி போட்டுக் குழியில் இறங்கினேன். போன் உள்ளே விழுந்துவிடும் என்று உங்கள் அக்காவிடம் கொடுத்து, டார்ச்சையும் கொடுத்து மேலேயிருந்து காட்டச் சொன்னேன். அவள் அப்போதுதான் தையல் ஆலையிலிருந்து வந்திருந்தாள். அவள் அங்கே பணியாளர் பிரிவில் இருப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்த வழக்குக்கு அது முக்கியம்.

நான் கீழே எண்ணெய்ப் பிசுக்கில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது போன் மணியடித்தது. “ஏங்க, நெட்டையன் காலைப் பத்தி என்னமோ வந்திருக்கு. டாக்டர் பார்த்து முடிச்சிட்டாராம்” என்றாள். பார்த்து முடித்துவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? ஆடலாம் என்று அர்த்தம். நான் சந்தோஷத்தில் குழிக்குள்ளிருந்து கத்தினேன், “அப்ப நெட்டையனைத் தூக்கிடு!” என்று. பெஞ்சிலிருந்து மேலே தூக்கு. வேறென்ன? “தூக்கிடவா? நிச்சயமாவான்னு கேக்குது இது” என்றாள். “தூக்குன்னா தூக்கு! மணி ஆவுது!” என்றேன். “சரி, தூக்கிட்டேன்” என்றாள். நிம்மதியாகச் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டே, “மேல போயிட்டானா?” என்று கேட்டேன். ஒரு மாதிரிக் குரலில் “போயிட்டான்” என்றாள். அடுத்த நிமிஷம் டார்ச் வெளிச்சம் காணாமல் போய்விட்டது. எனக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தவள் டார்ச்சோடு நடந்து போய்விட்டாள் ஐயா! இருட்டில் மூன்று நிமிஷம் நான் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், படிக்கட்டுப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு மட்டும் கேட்கிறது. குனிந்தேன், கண்ணாடி நழுவி விழுந்தது, எங்கே என்று தேடக் காலை நகர்த்தினேன், நகர்த்திய கால் அதன் மேலேயே போய் நின்றது. இதுவும் உங்கள் குடும்பத்தின் கணக்கில்தான் சேர வேண்டும்.

சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினால் மணி ஐந்து பத்து. உங்கள் அக்கா முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியவில்லை, வாட்ச்மேனை வாசிக்கச் சொன்னேன். அந்த மனுஷன் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தார்: “நாலு நாப்பத்தொண்ணு, எட்டாம் மாடி அணியிலிருந்து நெட்டையன் நீக்கப்பட்டார். நாலு நாப்பத்தஞ்சு, தெளிந்த பார்வை அணியில் நெட்டையன் சேர்க்கப்பட்டார்.” பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து முதல் மாடிக் கணக்கு டீச்சர், நான் குழியிலிருந்து கத்தியது அவர் சமையலறை வரைக்கும் எதிரொலித்திருக்கிறது, துக்கமுகத்தோடு இறங்கி வந்தார். “மேல போயிட்டாருன்னு காதுல விழுந்துச்சு. யாருங்க?” என்றார். நான் இருந்த நிலையில் “நெட்டையன்” என்றேன். “வயசானவரா?” “இருபத்திரெண்டு.” “ஐயையோ! என்ன ஆச்சு?” “கால்ல கொஞ்சம் பிரச்சனை, டாக்டர் பார்த்து முடிச்சிட்டாரு” என்றேன். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எப்ப எடுக்குறாங்க?” என்று கேட்டார். “நாலு நாப்பத்தஞ்சுக்கே எடுத்துட்டான், என் மச்சினன்!” என்றேன். “அதுக்குள்ளயா?” என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு ஆறு நாளாக அவர் வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவசர அவசரமாக இளம்பிள்ளையை அடக்கம் பண்ணிய குடும்பம் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு.

இனிமேல் குற்றச்சாட்டு. நாலு நாற்பத்தொன்றுக்கு அவன் வெளியே வருகிறான், நாலு நாற்பத்தைந்துக்கு நீ எடுக்கிறாய். நாலே நாலு நிமிஷம்! பருந்து மாதிரி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒழிய இது நடக்குமா? கடையில் யாருக்காவது கண் சோதித்துக்கொண்டிருந்திருப்பாய், பாதிக் கண்ணோடு அவரை உட்கார வைத்துவிட்டு என் ஆளைப் பிடுங்கியிருக்கிறாய். அதுவும் எப்படி? உன்னிடம் ஏற்கெனவே பதினைந்து பேர் நிறைந்திருந்தார்கள், இடமில்லை. நெட்டையனுக்கு இடம் பண்ணுவதற்காக உன் வலது ஓரக்காரனை, சீசன் முழுக்க உனக்கு ஓடி ஓடி உழைத்தவனை, அப்படியே கழற்றி எறிந்திருக்கிறாய். அவனைச் சகலை மறுநிமிஷம் கொத்திக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு வெறி! நானே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், கழற்றிவிட்ட அணியே ஒரு வாரத்துக்கு அதே ஆளைத் தானாக எடுக்கக்கூடாது, வேறு அணி பரிமாற்றத்தில் கொடுத்தால்தான் உண்டு என்று விதி. அந்த விதியைப் போட்டது யார்? மாண்புமிகு சேர்மன்.

சனிக்கிழமை ஆட்டம் பார்க்க உன் கடைப் பின்னறைக்கு வந்தேன், வராவிட்டால் பயந்துவிட்டான் என்பீர்கள். உன்னோடு பேசவில்லை. கண்ணாடி இல்லாமல் திரையில் பதினோரு கலங்கலும் பதினோரு கலங்கலும்தான் ஓடின, ஆனால் மற்ற கலங்கலை விட ஒரு முழம் உயரமான கலங்கலை நான் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று கோல்! மூன்றும் தலையால்! மற்றவர்கள் எல்லோரும் எழுந்து கத்துகிறார்கள், நீ மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்ன நடிப்பு! அப்புறம் என் பக்கத்தில் வந்து, “அத்தான், ஒரு நிமிஷம். என் டீமைக் கொஞ்சம் பாருங்களேன்” என்றாய். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாயா? திருட்டுப் பொருள் இருக்கிற வீட்டு வாசலில் நான் ஏன் போய் எட்டிப் பார்க்க வேண்டும்? பார்க்கவில்லை, இதுவரை பார்க்கவில்லை, இனியும் பார்க்கப் போவதில்லை. நீ இந்நேரம் மூன்றாவது இடத்துக்கு வந்திருப்பாய், இருந்துகொள். பத்தொன்பது வாரத்துக்குப் பிறகு ‘எட்டாம் மாடி’ இரண்டாவது இடத்துக்கு இறங்கிவிட்டது, சகலை ஒன்பது புள்ளி முன்னால். அதை அவரே போன் பண்ணிச் சொன்னார், “என்ன அண்ணே, லிஃப்ட் கீழ இறங்குது போலிருக்கே” என்று. அன்றைக்கே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகி உன் நம்பருக்கும் தடைபோட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஆப்பில் ஒரு சிவப்புப் புள்ளி, உன் அணியிடமிருந்து ஏதோ பரிமாற்றம் என்று வாட்ச்மேன் சொன்னார். தெரியும், என்ன பரிமாற்றம் என்று தெரியும். நெட்டையன் வேண்டுமானால் உங்கள் கோல்கீப்பரைக் கொடுங்கள் என்று கேட்டிருப்பாய். என் ஆளை எனக்கே விற்பாயா? அந்தப் புள்ளி அங்கேயே இருந்து சிவக்கட்டும்.

திங்கட்கிழமை கண் சோதனைக்கு நான் உன் கடைக்கு வந்ததைச் சமாதானம் என்று யாரும் தப்பாக நினைக்கக்கூடாது. இந்த வட்டாரத்தில் வேறு கண்ணாடிக் கடை இல்லை, அதுதான் காரணம். “கீழ் வரியைப் படிங்க அத்தான்” என்றாய். “எது கீழ்? உங்க குடும்பத்துல மேலே கீழே எல்லாம் வேற மாதிரி ஆச்சே” என்றேன். நீ சிரித்தாய். “அத்தான், அக்கா அன்னிக்கு...” என்று ஏதோ ஆரம்பித்தாய். நான் உடனே எழுத்துகளைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு முறை நீ வாயைத் திறந்தபோதும் இன்னொரு வரி படித்தேன். அதில் பாதி எழுத்து பலகையிலேயே இல்லை என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் அக்காவைப் பற்றியும் எழுத வேண்டும். நான் அவளை எதிர்த்தரப்புச் சாட்சி என்று அறிவித்து, இந்த விஷயம் பற்றி வீட்டில் வாயே திறக்கக்கூடாது என்று தடை போட்டிருக்கிறேன். தடைக்கு முன்னால் அவள் சொன்ன விளக்கம் இது: “எங்க ஆபீஸ்ல தூக்கிட்டாங்கன்னா சீட்டைக் கிழிச்சிட்டாங்கன்னு அர்த்தம். போன வாரம் கூட பட்டன் பிரிவுல ரெண்டு பேரைத் தூக்கிட்டோம். டாக்டர் வேற முடிச்சிட்டாருன்னு வந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்?” இதுவும் ஒரு விளக்கமா? முப்பத்தோரு வருஷம் ஒருத்தன் மின்தூக்கி வேலை பார்த்திருக்கிறான். மின்தூக்கி! ஆளைத் தூக்கி வெளியே எறிகிற இயந்திரமா அது? தூக்கு என்றால் மேலேதான், தூக்குக்கு வேறு திசையே கிடையாது. குழந்தையைத் தூக்கு என்றால் என்ன செய்வாள்? சரி, ஒத்துக்கொள்கிறேன், என்னையும் கம்பெனியில் தூக்கினார்கள், அந்த வார்த்தையைத்தான் மேனேஜரும் சொன்னார், “உங்களைத் தூக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு” என்று. ஒரு விநாடி எனக்குப் பதவி உயர்வு என்றே பட்டது. எழுந்து கை கொடுத்து நன்றி கூடச் சொல்லிவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், அந்த வார்த்தையை வைத்து இந்த வீட்டில் இன்னொரு தடவை விளையாடினால் எனக்குத் தாங்காது.

அவளும் சும்மா இல்லை. “அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசுங்க” என்று நாலு நாளாகச் சைகையிலேயே சொல்கிறாள். உடன்பிறப்புப் பாசம். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “எழுதுங்க எழுதுங்க, மனசுல இருக்கறதெல்லாம் எழுதிடுங்க. சாயங்காலம் நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்” என்று சிரித்துக்கொண்டே போனாள். நேற்று நீ கொடுத்தனுப்பிய புதுக் கண்ணாடி டப்பா ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. திறக்கவில்லை. இந்தக் கடிதம் முடிகிறவரை உன் கண்ணாடி வழியாக நான் எதையும் பார்க்க மாட்டேன் என்று தீர்மானம்.

ஆகவே, மாண்புமிகு சேர்மன் அவர்களே, சீசனின் கடைசி ஆள்மாற்றத்துக்குக் கெடு நாளை வெள்ளிக்கிழமை ஐந்து மணி, இன்னும் மூன்று வாரம்தான் ஆட்டம். அதற்குள் நெட்டையனை எந்த நிபந்தனையும் இல்லாமல், வாங்கிய இடத்திலேயே, காலில் ஒரு கீறலும் இல்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும். சங்கத்தின் எட்டுப் பேர் முன்னிலையில், கண் டெஸ்ட் பலகைக்கு முன்னால் நின்று, பின்னால் அல்ல, ‘அத்தானை ஏமாற்றியது தப்பு’ என்று சொல்ல வேண்டும். தவறினால் ‘எட்டாம் மாடி’ அணி கலைக்கப்படும். இனி உன் கடை ஷட்டர் மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடாதே. உன் கட்டட லிஃப்டில் நீ உள்ளே இருக்கும்போது அது நின்றுபோனாலும் நான் வர மாட்டேன். வருவேன், ஆனால் படியேறி, மாடிக்கு மாடி நின்று, இளைப்பாறித்தான் வருவேன். ஒருத்தன் வேலையை இழக்கலாம், கண்ணாடியை இழக்கலாம், நெட்டையனையும் இழந்துவிட்டு எப்படித்தான் இருப்பது? எனக்கு அழுகையே வருகிறது என்பதை இத்தனை வயதில் வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து நேர்மையாக வாழ வேண்டும், தாய்வழியைக் கொள்ள வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உனக்கு உரிய ஆசீர்வாதம் நாளை ஐந்து மணி வரை நிறுத்திவைக்கப்படுகிறது.

இங்ஙனம்,
எண்ணெய்க் கறை படிந்த கையோடும் கலங்கிய கண்ணோடும்,
உன் மூத்த அக்காவின் கணவன்,
‘எட்டாம் மாடி’ உரிமையாளன் (இப்போதைக்கு).

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் ரத்து.

கடிதத்தை உறையில் போட்டு உன் பெயரை எழுதும்போது உன் அக்காவின் கண்ணாடியில் உன் பெயரே எனக்குத் தெரியவில்லை. எழுதி முடித்தாயிற்றே, தீர்மானம் முடிந்தது என்று உன் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: “அத்தான், இதைப் போட்டுக்கிட்டு என் டீமைப் பாருங்க.” போட்டுக்கொண்டு பார்த்தேன். நீ ஆறாவது இடத்தில் இருக்கிறாய். நெட்டையன் உன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று கோல் அடித்த அன்றும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறான். மூன்று கோலுக்கும் உனக்குக் கிடைத்தது பூஜ்யம். அப்புறம் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தொட்டேன். ‘தெளிந்த பார்வை தருவது: நெட்டையன். கேட்பது:’ என்று இருந்தது. நீ கேட்டிருந்தது என் பெஞ்சில் கடைசியில் கிடக்கும், முட்டியில் கட்டுப் போட்ட, இந்த வருஷம் ஆடவே போகாத அந்த டிஃபென்டரை.

அதற்குள் உன் அக்கா வேலை முடிந்து வந்தாள். தடையை நீக்கினேன். “அன்னிக்கு டார்ச்சை எடுத்துக்கிட்டு எங்க போனே?” என்று கேட்டேன். “நீங்க ‘மேல போயிட்டானா’ன்னு கேட்டதும்தான் எனக்கு உறைச்சுது. படிக்கட்டுல நின்னு தம்பிக்குப் போன் போட்டேன். ‘டேய், நெட்டையனை உடனே தூக்குடா, சின்ன அத்தான் பாக்கறதுக்குள்ள’ன்னேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா? ‘அக்கா, உங்க பாஷையிலயா, அத்தான் பாஷையிலயா?’ன்னு கேட்டான். ‘அத்தான் பாஷையில’ன்னேன்” என்றாள். அவளே மறுபடி சொன்னாள்: “அந்த லீக்கு ஏழு பேரோட நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. எட்டாவது ஆள் இல்லாம முடியாதுன்னு உங்ககிட்ட வந்து கெஞ்சினானே, எப்ப? கம்பெனியில உங்களைத் தூக்கின மறு வாரம். அவங்க தூக்கிப் போட்டாங்க, இவன் வந்து தூக்கிக்கிட்டான்.”

ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. ஹாட்ரிக் அடிக்கிறவனைப் பெஞ்சில் உட்கார வைத்தவன் சேர்மனா? உனக்கு ஆட்டம் தெரியுமா? எனக்காகத்தான் வைத்தாய் என்பது தெரியும், அதற்காக மூன்று கோலை வீணாக்குவதா? வலது ஓரக்காரனையும் சகலையிடம் கொடுத்துவிட்டு நிற்கிறாய்! நாளைக்கு வருகிறேன், உன் அணியை நான் உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன், உன்னால் முடியாது. ஆசீர்வாதம் இத்துடன் முழுசாக அனுப்பப்படுகிறது.

இதை எழுதும்போது உன் அக்கா என் போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். பரிமாற்றத்துக்குச் சம்மதமா என்று அது கேட்கிறதாம். “என்னங்க, தூக்கட்டுமா?” என்கிறாள். நான் விரலால் மட்டும் மேலே காட்டினேன்.